எதிர் சீட்டுக்காரி சொன்னது

மார்ச் 3, திங்கள்

சாத்தூரில் மாலை ஆறேகாலுக்கு வண்டி ஏறிவிட்டேன். நாளை ராத்திரி நாக்பூர். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் வழக்கம். ஆனால் தேன்மொழிக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பன்னிரண்டாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. மகள் வர முடியாவிட்டால் தாய் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும்.

மருந்துப் பை மட்டும் தனி. பிரசவ லேகியம், சுக்கு, ஓமம், பெருங்காயம், வசம்பு, காய்ச்சி வடித்த ஓமத்தண்ணீர் ஒரு பாட்டில். மாப்பிள்ளை போனில் சிரிக்கிறார், "அத்தை, இங்கயும் மெடிக்கல் ஷாப் இருக்கு" என்று. இருக்கட்டும். சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் அமைப்பாளராக இருந்தவள் நான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளை அரை மணியில் வகுப்புக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஹெட்மாஸ்டருக்கே வயிறு உப்பினால் என்னைத்தான் தேடுவார்.

எதிர் சீட்டில் கோவில்பட்டித் தம்பதி. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவன்தான் டிக்கெட் எடுத்துக்கொடுத்து இரண்டு பேரையும் ஆக்ராவுக்கு அனுப்புகிறான்.

"தாஜ்மகாலக் காட்டுதேன்னு கல்யாணத்தன்னைக்கி சொன்னேன். முப்பத்தஞ்சு வருசம் ஆயிப்போச்சு" என்றார் அவர்.

"அது கல்லறையாம்லக்கா. கல்லறையப் பாக்கவா இம்புட்டு தூரம்?" என்றாள் அந்த அம்மா.

அவர் பெயர் சங்கரலிங்கம், அவள் பெயர் கோமதி. "சங்கரன்கோவில் சாமியும் அம்மனும் எதுக்கவே உக்காந்திருக்கீக. எனக்கென்ன குறை" என்றேன். அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷர். என் கீழ் பெர்த்துக்கு அடியில் பைகளை அவரே தள்ளி வைத்தார்.

மார்ச் 4, செவ்வாய்

ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம். மாலை ஐந்து மணி. ஊர் பெயரை எழுத மனம் வரவில்லை. தெலுங்கு நாட்டில் ஒரு ஊர்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி போய்விட்டார். மதியம் பன்னிரண்டே முக்கால் இருக்கும்.

காலையில் இட்லி சாப்பிட்டார். பத்து மணிக்கு மேல் நெஞ்சு கரிக்கிறது என்றார். கொஞ்சம் ஓமத்தண்ணீர் கொடுத்தேன். படுத்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

முதலில் பார்த்தது கோமதிதான். "என்னங்க, என்னங்க" என்று தோளை அசைத்தாள். கை சீட்டிலிருந்து கீழே தொங்கியது. மேல் பெர்த் ஆள் டி.டி.இ.யைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் போன் செய்து அடுத்த ஸ்டேஷனுக்குச் சொன்னார். அதுவரை முக்கால் மணி நேரம் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று எங்களோடு முறுக்கைப் பங்கு போட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பக்கம் போய்விட்டார்கள். ஒருத்தர் திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் கொக்கியில் மாட்டியிருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். நான் அண்ணாச்சியின் கண்ணை மூடி, என் துண்டைக் கிழித்துத் தாடையைக் கட்டினேன். எங்கள் வீட்டுக்காரருக்கும் நான்தான் கட்டினேன். கை தானாகச் செய்தது.

வண்டி நின்ற ஐந்து நிமிஷத்துக்குள் ஸ்ட்ரெச்சரில் இறக்கிவிட்டார்கள். கோமதிக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை கிடையாது. பிளாட்பாரத்தில் இரண்டு பையோடு நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நானும் இறங்கிவிட்டேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. "உங்களை மாதிரி மனசு யாருக்கும்மா வரும்" என்றார் டி.டி.இ. மருந்துப் பையை வாசல் வழியே எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

ரயில்வே போலீஸில் ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்தது. கூடப் பயணம் செய்தவள் என்று என்னிடம் வாக்குமூலம் வாங்கினார். முன்னாடி வலி ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். "இல்லை. நல்லாத்தான் இருந்தார். திடீர்னு சாஞ்சுட்டார்" என்றேன். கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தெலுங்கில் எழுதினார், நான் கீழே தமிழில் மங்களேஸ்வரி என்று கையெழுத்துப் போட்டேன்.

தேன்மொழியிடம் வண்டி லேட் என்று சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் வேறு எதைச் சொல்வது.

மகன் விமானத்தில் ஐதராபாத் வந்து அங்கிருந்து காரில் வருகிறானாம். பேர் இசக்கிராஜா.

மார்ச் 5, புதன்

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம். நேற்றிலிருந்து அதன் கீழேதான் இருக்கிறோம். உடலைப் பரிசோதனை செய்துதான் தருவார்கள். இடுப்புக் கயிறு, மோதிரம், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கோமதி கையில் கொடுத்தார்கள். அவள் கண்ணாடியை மட்டும் வெளியே எடுத்து முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாளாக நான்தான் அவளுக்கு எல்லாம். எங்கே கையெழுத்து, எங்கே தண்ணீர், எங்கே கக்கூஸ். "நீங்க எனக்குச் சாமிக்கா" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கையை உருவிக்கொண்டேன்.

பரிசோதனை முடிந்து டாக்டரிடம் பேசிவிட்டு வந்த இசக்கிராஜா அம்மாவின் முன்னால் நின்றான். முப்பது வயசு இருக்கும். அப்பாவின் அதே நெற்றி.

"வலி வந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அப்பா ஒண்ணுமே சொல்லலியா?"

"நெஞ்சு கரிக்குன்னாகய்யா. வாய்வுன்னு நெனச்சேன்."

"நெனச்சியா? நீ என்ன டாக்டரா? விஜயவாடாவுல வண்டி நின்னப்ப யார்ட்டயாச்சும் சொன்னியா? எனக்கு ஒரு போன் போடத் தோணலியா உனக்கு?"

"இல்லய்யா."

"கொன்னுட்டியேம்மா."

கோமதி கையிலிருந்த கண்ணாடியைக் கவருக்குள் வைத்தாள். நான் பக்கத்தில்தான் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க மட்டும் இறங்கலன்னா எங்கம்மா இங்க என்ன ஆகியிருப்பாங்களோ. உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றான். டீ ஆறுகிறது, குடி தம்பி என்றேன்.

பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. அவன் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். கோமதி பின்னால், உடலோடு தனியாக. கோவில்பட்டிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்குமாம்.

மார்ச் 6, வியாழன்

நாக்பூர். வெளிக் குழாயில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்த சேலையை அங்கேயே நனைத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். தேன்மொழி நன்றாக இருக்கிறாள். கால் வீங்கியிருக்கிறது.

மார்ச் 8, சனி

மறைத்து என்ன பயன். இசக்கிராஜா நன்றி சொல்ல மாப்பிள்ளைக்கே போன் செய்துவிட்டான். என் போன் அணைந்து கிடந்ததால் அன்று மாப்பிள்ளை நம்பரைக் கொடுத்திருந்தேன். இப்போது மாப்பிள்ளை ஆபீஸ் முழுக்க என் புகழ்தான். பக்கத்து வீட்டு மராத்திக்காரி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் என்று நானே என்னைத் திட்டிக்கொள்ள நினைக்கிறேன், ஊர் சேர்ந்து மாலை போடுகிறது.

சாயங்காலம் தேன்மொழி, "நெஞ்செல்லாம் எரியுதும்மா. உன் ஓமத்தண்ணி கொஞ்சம் குடேன்" என்றாள்.

"டாக்டருக்குப் போன் போடு" என்றேன்.

"இதுக்கா? மாசமா இருந்தா எரியத்தானேம்மா செய்யும்?"

"போடுன்னா போடேண்டி!"

கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்ப் போட்டாள். ஒன்றுமில்லை, ஒரு மாத்திரை போதும் என்றார்களாம். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பாட்டிலைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டேன். வாடை வெகு நேரம் போகவில்லை.

நான் டாக்டர் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சாத்தூரிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் நெஞ்சு கரிக்கிறது என்றால் எந்த வீட்டிலும் முதலில் தேடுவது ஓமத்தைத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

கோமதி போன் செய்தாள். மூன்றாம் நாளே சாம்பல் கரைத்துவிட்டார்களாம். குரலே எழும்பவில்லை.

"ராசா எங்கிட்ட பேச மாட்டேங்கான்க்கா. சோத்த வச்சா தள்ளி வச்சிட்டுப் போயிருதான். வந்த சொந்தக்காரங்க எல்லார்ட்டயும், எங்கம்மா வாயத் தொறந்திருந்தா அப்பா இருந்திருப்பாருன்னு சொல்லுதான். எங்க நாத்தனார் எம்பக்கத்துல உக்கார மாட்டேங்காக."

"கொஞ்ச நாள்ல சரியாயிரும் கோமதி. ஆத்திரம்" என்றேன்.

"ம். பதினாறு முடிஞ்சு மெட்ராசுக்குப் போறானாம். என்னையக் கூட்டிட்டுப் போக மாட்டானாம்."

அப்புறம் அவளே, "பிள்ளைக்கு என்னைக்கு ஆப்பரேசன்? நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று விசாரித்துவிட்டு வைத்தாள்.

மார்ச் 10, திங்கள்

இரண்டு தடவை போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். கத்தரிக்காய் அடிப்பிடித்துப்போனது.

மார்ச் 12, புதன்

பெண் குழந்தை. காலை ஒன்பது இருபதுக்கு. இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் நலம். தேன்மொழி பிறந்தபோது இருந்த அதே மூக்கு. என் கையில் கொடுத்தார்கள். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். அரை மணி நேரம் வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது.

மார்ச் 15, சனி

குழந்தை தூங்குகிறது. இப்போது எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன்.

நான்காம் தேதிக் குறிப்பில் எழுதியது பொய் இல்லை. ஆனால் பாதிதான்.

அண்ணாச்சிக்கு வியர்த்துக் கொட்டியது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கோமதிக்கு அப்போதே பயம். "அக்கா, எனக்கென்னமோ சரியாப்படல. அந்தக் கருப்புக் கோட்டுக்காரர்ட்ட சொல்லிருவமா?" என்று கேட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் சிரித்தேன். "வாய்வு நெஞ்சுல ஏறி நிக்குது. ஒரு ஏப்பம் வந்தா சரியாயிரும். இருபத்தெட்டு வருசம் இதத்தான் பாத்திருக்கேன்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். மேல் பெர்த் ஆள் தன் மூட்டுவலிக்கு என்னிடம் யோசனை கேட்டார். எனக்குப் பெருமை. ரிட்டயர் ஆகி மூன்று வருஷத்தில் என் பேச்சை இத்தனை பேர் காதுகொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

விஜயவாடாவில் வண்டி இருபது நிமிஷம் நின்றது. கோமதி எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் எறங்கி யார்ட்டயாவது கேக்கேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். "உனக்கென்ன கிறுக்கா? இங்க சொன்னா ரெண்டு பேரையும் இறக்கி விட்டுருவான். பாசை தெரியாத ஊருல என்ன செய்வ? பேசாம இரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சியும் என் பேச்சை நம்பினார். "அக்காதான் சொல்லுதாகள்ல, இரு" என்று அவளை அதட்டினார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஏன் தடுத்தேன் என்று பதினோரு நாளாக என்னையே கேட்கிறேன். அவர்கள் மேல் அக்கறை என்று சொல்லிப் பார்த்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். உண்மை என்னவென்றால், டாக்டர், போலீஸ் என்று வந்தால் வண்டி தாமதமாகும், மாப்பிள்ளை ராத்திரி ஸ்டேஷனில் காத்துக்கிடப்பார் என்று நினைத்தேன். அதுவும் ஒரு காரணம். பன்னிரண்டாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

சொல்லியிருந்தால் அந்த ஸ்டேஷனிலேயே டாக்டர் பெட்டிக்கு வந்திருப்பார் என்று டி.டி.இ. பிற்பாடு சொன்னார். அப்போது கோமதி பக்கத்தில்தான் நின்றாள். இரண்டு பேரும் கேட்டோம்.

அவளோடு இறங்கியது இரக்கத்தால் இல்லை. அந்த சீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் இறங்கினேன்.

அவள் மகனிடம் என் பெயரைச் சொல்லவே இல்லை. "வாய்வுன்னு நெனச்சேன்" என்று என் நினைப்பைத் தன் நினைப்பாகச் சொன்னாள். நான் டீ கிளாஸோடு நின்றேன்.

மார்ச் 19, புதன்

இன்று கோவில்பட்டியில் பதினாறாம் நாள் காரியம். நாளைக்கு அவன் சென்னைக்குக் கிளம்பிவிடுவான். தேன்மொழிக்கு லேகியம் உருட்டினேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

மார்ச் 20, வியாழன்

காலை எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்க் கோமதிக்குப் போன் போட்டேன். இரண்டாம் மணியிலேயே எடுத்தாள்.

"பிள்ள நல்லா இருக்காளாக்கா?"

"இருக்கா. கோமதி, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி விஜயவாடாவுல..." என்று ஆரம்பித்தேன். என் வாய்க்கு வார்த்தைப் பஞ்சம் வந்து நான் பார்த்ததில்லை.

"நீங்க கையப் புடிச்சு இழுத்ததா?" என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"மறந்தா போகும்? தெனமும் அந்த எடத்துலதான் முழிக்கேன்" என்றாள்.

"ராஜாகிட்ட ஏன் சொல்லல?"

"பெத்த பிள்ளையப் பாக்கப் போற ஆளு, எனக்காக எறங்கி வந்தீக. அவுக தாடையக் கட்டுனீக. அந்தக் கட்டுக்குப் பதிலா நான் என்ன செய்ய முடியும்னு வாய மூடிக்கிட்டேன். அதுவுமில்லாம நானும் உக்காந்துட்டேன்லக்கா. கைய உதறிட்டு எறங்கியிருக்கலாம்ல."

"தப்பு என்னோடதுதான் கோமதி. உன் கால்ல வேணும்னாலும் விழுதேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் குரல் அவ்வளவு கடுமையாக இருந்து நான் கேட்டதே இல்லை.

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? எனக்குத் தெரியாததையா சொல்லுதீக? அவன்ட்ட சொல்லுங்க. பையத் தூக்கிட்டு வாசல்ல நிக்கான்."

"கோமதி, நான் அப்புறமா..."

"ஏ ராசா. ரயில்ல வந்த அக்கா பேசுதாக. நீ கேட்டுட்டுப் போ" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி. ஆட்டோ நிக்குது" என்றான்.

சொன்னேன். வியர்த்தது, தோளைத் தேய்த்தது, அவள் மூன்று தடவை கேட்டது, நான் சிரித்தது, எல்லாம். போலீஸில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும்.

முடித்த பிறகு கேட்டான். "அம்மா எந்திரிச்சாங்களா?"

"எந்திரிச்சா. செருப்பு மாட்டிட்டா. நான்தான் உக்காரவச்சேன்."

"வண்டி எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"இருபது நிமிசம்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் போனை எதன் மேலோ வைத்துவிட்டான். அணைக்கவில்லை. தெருவில் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பது கேட்டது. அவன் அவரிடம் ஏதோ சொன்னான். ஆட்டோ கிளம்பிப் போனது. கதவைச் சாத்தும் சத்தம். நான் காதோடு போனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், வைக்கத் தோன்றவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, தூரத்தில், அடுப்படிப் பக்கத்திலிருந்தாக இருக்கும், அவன் குரல் கேட்டது.

"அம்மா, சாப்பிட்டியா?"

பிறகு கோமதி அழும் சத்தம். பதினாறு நாளில் அவள் வாய்விட்டு அழுது நான் கேட்கவே இல்லை. நான்தான் போனை அணைத்தேன். என்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.